போய்ச் சேராத எச்சரிக்கைகள்

அணு உலை விபத்துகளின் வரலாற்றை ஆதியிலிருந்து வரிசையாக வாசித்துக்கொண்டு வருகிறவனுக்கு, நெருப்பும் நீரும் உருகிய உலோகமுமாக விரியும் அந்தக் கதையினூடே ஒரே விஷயம் திரும்பத் திரும்ப எதிர்ப்படும். பெரிய விபத்து நேர்வதற்குச் சில மாதங்களோ சில வருஷங்களோ முன்னதாகவே, அதே இனத்தைச் சேர்ந்த சிறிய கோளாறொன்று எங்கேனும் ஓரிடத்தில் தலைகாட்டியிருக்கும். அதைக் கண்டு, காரணம் ஆராய்ந்து, எழுதி வைத்தவர் ஒருவரும் இருந்திருப்பார். ஆனால் அவர் எழுதியது, அதை அவசியம் அறிந்திருக்க வேண்டியவரின் கைக்கு, உரிய வேளையில் போய்ச் சேர்ந்திராது. இயற்கையின் மாபெரும் சக்திகளுள் ஒன்றைக் கட்டியாள மனிதன் துணிந்த நாள் முதலாக அவனுக்கு நேர்ந்த இன்னல்களில் பெரும்பகுதி, ஒருவர் அறிந்ததை மற்றவர் அறியவொட்டாமல் நடுவே நின்ற மௌனத்தின் பயனேயாகும் என்பது என் துணிபு. அதற்கு ஆதாரம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை; 1957 முதல் 2011 வரையுள்ள சம்பவங்களே போதும்.

இங்கிலாந்தின் வடமேற்கில், ஐரிஷ் கடலை நோக்கிய கம்பர்லாந்துக் கரையில், மாடுகளும் ஆடுகளும் மேயும் புல்வெளிகளுக்கு நடுவே விண்ட்ஸ்கேல் என்னுமிடத்தில், இரண்டாம் உலக யுத்தம் ஓய்ந்த சில வருஷங்களுக்குள் இரண்டு அணு உலைகள் எழும்பின. தனக்கென ஓர் அணுகுண்டு செய்துகொள்ள விரும்பிய பிரிட்டிஷ் சர்க்கார், அதற்கு வேண்டிய புளூட்டோனியத்தைத் துரிதமாக விளைவித்துக்கொள்வதற்கென்றே அவற்றைக் கட்டிற்று. மின்சாரம் அவற்றின் நோக்கமாக இருக்கவில்லை. கிராஃபைட் பாளங்களை மலைபோல் அடுக்கி, அந்த அடுக்கினூடே 3,400-க்கு மேற்பட்ட துளைகளைக் கிடைமட்டமாக விட்டு, அலுமினியக் குப்பிகளில் அடைத்த யுரேனியத் துண்டுகளை அத்துளைகளில் செலுத்தி, ராட்சத விசிறிகளால் காற்றை உள்ளே ஊதி உஷ்ணத்தைத் தணித்து, சூடேறிய அந்தக் காற்றைச் சுமார் 400 அடி உயரமுள்ள புகைபோக்கி வழியாக ஆகாயத்தில் விட்டுவிடுவதே அவற்றின் அமைப்பு. முதல் உலை 1950 அக்டோபரில் இயங்கத் தொடங்கிற்று; அதிலிருந்து இரண்டு வருஷத்துக்குள், 1952 அக்டோபர் 3ஆம் தேதி, ஆஸ்திரேலியாவை அடுத்த மான்டிபெல்லோ தீவுகளில் பிரிட்டனின் முதல் அணுகுண்டு வெடித்தது.

புகைபோக்கிகள் பாதி எழும்பியிருந்த சமயத்தில் ஒரு மனிதர் குறுக்கிட்டார். அவர் பெயர் ஜான் காக்ராஃப்ட்; அணுவைப் பிளந்து காட்டியதற்காக 1951இல் நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி. அமெரிக்காவில் ஓக் ரிட்ஜ் என்னுமிடத்தில் இதே போலக் காற்றினால் குளிர்விக்கப்பட்ட உலையைச் சுற்றிக் கதிரியக்கத் துகள்கள் கிடந்தன என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியிருந்தது. எட்டிய செய்தியை அவர் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. புகைபோக்கிகளுக்கு வடிகட்டி வைத்தே தீரவேண்டுமென்று வற்புறுத்தினார். அடிப்பகுதியில் வைப்பதற்குக் காலம் கடந்துவிட்டபடியால், வடிகட்டிகளை உச்சியிலே பொருத்த நேர்ந்தது. செலவும் தாமதமும் ஏறின. மெலிந்த தூணின் தலையில் பெரும் பாரத்தை ஏற்றியது போன்ற விசித்திரத் தோற்றமும் உண்டாயிற்று. வேலை செய்தவர்கள் அதைக் ‘காக்ராஃப்டின் மடமை’ என்றே அழைக்கலாயினர். அந்த மடமைதான் பின்னொரு நாள் கம்பர்லாந்தைப் பெரும் கேட்டிலிருந்து காத்து நின்றது.

இனி, இயற்கை வைத்திருந்த பொறி ஒன்றைச் சொல்ல வேண்டும். நியூட்ரான்கள் இடைவிடாமல் தாக்குகின்ற கிராஃபைட்டில் அணுக்கள் தத்தம் ஸ்தானத்தை விட்டு இடம்பெயர்ந்து, வளைத்து நாணேற்றிய வில்லைப் போல உள்ளே சக்தியைத் தேக்கி வைக்கின்றன. யூஜின் விக்னர் என்ற பௌதிக விஞ்ஞானி இதை முன்கூட்டியே கணித்திருந்தமையால், அது விக்னர் சக்தி எனப் பெயர் பெற்றது. 1952 செப்டம்பரில், நிறுத்தி வைத்திருந்த முதல் உலையில் உஷ்ணம் தானாகவே ஏறியபோது, அந்த வில் விடுபடுவதை விண்ட்ஸ்கேல் நேரில் கண்டது. அதன் பிறகு, அவ்வப்போது உலையை வேண்டுமென்றே சூடாக்கி, தேங்கிய சக்தியைக் கட்டுப்பாடாக வெளியேற்றும் முறை வழக்கத்துக்கு வந்தது. எட்டு தடவை அவ்வாறு செய்தார்கள். போகப் போக அது சிரமமாயிற்று. அப்படியிருந்தும், ஒரு தடவைக்கும் அடுத்த தடவைக்கும் உள்ள இடைவெளி நீட்டப்பட்டது. இந்தக் காரியத்தை எப்படிச் செய்ய வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று விரித்துரைக்கும் கையேடு எதுவும் உலையை நடத்தியவர்களிடம் இல்லை. உஷ்ணமானிகளோ, உலை சாதாரணமாக இயங்கும்போது எந்த இடம் அதிகமாகச் சூடேறுமோ அங்கே வைக்கப்பட்டிருந்தன. சக்தி வெளியேறும் சமயத்தில் வேறோர் இடமல்லவா கொதிக்கும்! கருவி பொய் சொல்லவில்லை. கேட்க வேண்டிய இடத்தில் அதை யாரும் கேட்கவில்லை.

1957 அக்டோபர் 7ஆம் தேதி ஒன்பதாவது தடவையாக உலையைச் சூடாக்கத் தொடங்கினார்கள். மறுநாள் காலையில் உஷ்ணம் தணிவது போலக் கருவிகள் காட்டவே, இரண்டாம் முறையும் சூடேற்றினார்கள். 10ஆம் தேதி புகைபோக்கியில் கதிரியக்கம் ஏறிற்று. அன்று மாலை நாலரை மணி அளவில் முகப்பில் இருந்த அடைப்பு ஒன்றை எடுத்து உள்ளே பார்த்தபோது, யுரேனியக் குப்பிகள் செக்கச் செவேலென்று கனன்றுகொண்டிருந்தன. வீட்டில் காய்ச்சலாய்க் கிடந்த மனைவி மக்களுக்குப் பணிவிடை செய்துகொண்டிருந்த துணைப் பொது மேலாளர் டாம் டூஹி அழைப்பு வந்ததும் ஓடிவந்தார். அவர் உலையின் உச்சிக்கு ஏறிப் பார்வைத் துவாரத்தின் மூடியை விலக்கிப் பின்புறத்தைப் பார்த்தார்; நேரம் செல்லச் செல்ல, கனல் நாவாகி, நாவு சுடராகி, பின்சுவரின் கான்கிரீட்டில் போய் மோதுவதை மறுபடியும் மறுபடியும் ஏறிச் சென்று கண்டார். கீழே ஆட்கள் சாரம் கட்டும் இரும்புக் கம்பங்களைக் கொண்டே எரியும் குப்பிகளைப் பின்பக்கமாகத் தள்ள முயன்றார்கள். உள்ளே போன கம்பம், நுனியில் உருகிய உலோகம் சொட்டச் சொட்டச் சிவந்து வெளியே வந்தது. தீப்பிடித்த துளைகளைச் சுற்றியுள்ள துளைகளைக் காலி செய்து நெருப்புக்கு எல்லை கட்டினார்கள். பக்கத்திலேயே ஓராண்டுக்கு முன் எலிசபெத் மகாராணி திறந்து வைத்த கால்டர் ஹால் மின்நிலையத்திலிருந்து கரியமில வாயுவைத் தருவித்துச் செலுத்தினார்கள். அந்த உஷ்ணத்துக்கு முன் அது எம்மாத்திரம்!

மிஞ்சியது தண்ணீர் ஒன்றே. உருகிய உலோகத்தில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் பிறந்து வெடித்து உலையையே பிளந்துவிடலாம் என்பதைச் சம்பந்தப்பட்ட அனைவரும் அறிவார்கள். அறிந்தே, 11ஆம் தேதி காலை ஒன்பது மணி சுமாருக்குக் குழாய்களைத் திறந்தார்கள். வெடிக்கவில்லை; ஆனால் தீ அணையவும் இல்லை. அப்பொழுது டூஹி, விசிறிகளை நிறுத்திக் காற்றைத் தடுக்கச் சொன்னார். உச்சிக்கு ஏறிப் பார்த்தபோது நெருப்பு மூச்சுக்குத் திணறி, கிடைத்த சந்துகளிலிருந்தெல்லாம் காற்றை இழுத்துக்கொண்டே ஒடுங்குவதைக் கண்டார். அவ்வளவு கதிரியக்கத்தின் முன் நின்ற அம்மனிதர் தொண்ணூறு வயதுவரை வாழ்ந்து 2008இல் காலமானார்.

வடிகட்டிகள் பெரும்பகுதியைத் தடுத்தன. ஆயினும் அயோடின் ஆவி தப்பிற்று. புல்லில் படிந்த அயோடினைப் பசு தின்று, பசுவின் பால் வழியாகக் குழந்தையின் தைராய்டில் சேர்ந்துவிடும் என்பதை உணர்ந்து, 12ஆம் தேதி முதற்கொண்டு சுற்றுப்புறப் பண்ணைகளின் பாலை விற்கலாகாதென்று தடுத்தார்கள். தடை விரைவிலேயே 200 சதுர மைல் பிரதேசத்துக்கு விரிந்து, ஏறக்குறைய ஒரு மாதம் நீடித்தது. கறந்த பாலையெல்லாம் கொட்டிவிட்டார்கள். விபத்தினால் அன்று எவரும் இறக்கவில்லை. ஆயினும் காற்றில் கலந்தவற்றால் பிற்காலத்தில் இருநூற்றுக்கு மேற்பட்டோருக்குப் புற்றுநோய் உண்டாகியிருக்கலாமென்று பின்வந்த கணக்குகள் கூறுகின்றன.

அணுகுண்டை உருவாக்கிய வில்லியம் பென்னியே விசாரணைக் குழுவின் தலைவராக இருந்து, இரண்டு வாரத்துக்குள் அறிக்கையை முடித்துக் கொடுத்தார். அமெரிக்காவோடு அணு ஆயுத உடன்படிக்கை செய்துகொள்ள முனைந்திருந்த பிரதம மந்திரி ஹெரால்டு மாக்மில்லன், அந்த அறிக்கையை முழுமையாக வெளியிட மறுத்து, சுருக்கமொன்றை மட்டும் வெளிவிடச் செய்தார். முழு அறிக்கை பொதுமக்கள் கண்ணில் பட்டது 1988 ஜனவரியில். முப்பது வருஷம் அது பூட்டிய அலமாரியில் கிடந்தது.

பூட்டுவதில் பிரிட்டன் தனித்து நிற்கவில்லை. விண்ட்ஸ்கேல் தீக்குப் பதினோரு நாட்களுக்கு முன், 1957 செப்டம்பர் 29ஆம் தேதி, சோவியத் ருஷ்யாவின் யூரல் மலைப் பிரதேசத்தில் மயாக் என்ற தொழிற்சாலையில், குளிர்விக்கும் வசதி பழுதுபட்டுப் போன கதிரியக்கக் கழிவுத் தொட்டி ஒன்று வெடித்து, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் நிலத்தைப் பாழாக்கிற்று. கிராமங்கள் வரைபடத்திலிருந்தே மறைந்தன. காரணம் மட்டும் சொல்லப்படவில்லை. நாடு கடந்து லண்டனில் வாழ்ந்த ஷோரெஸ் மெத்வதேவ் என்ற உயிரியல் அறிஞர் 1976இல் எழுதிய பிறகே உலகம் அதைப் பற்றிப் பேசலாயிற்று. சோவியத் சர்க்கார் ஒப்புக்கொண்டது 1989இல். எதிரியின் விபத்தை அமெரிக்க உளவுத்துறை முன்னமே அறிந்திருந்தும் வாய் திறக்கவில்லை. பகைவர் இருவர் ஒரே விஷயத்தில் ஒன்றுபட்டு மௌனம் சாதித்ததற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் கிடையாது.

ரகசியம் ஆயுதத்தோடு பிறந்த நோய், மின்சாரத்துக்கு அது ஒட்டாது என்று எண்ணியவர்களுக்கு 1979 விடை கூறிற்று. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தில், சஸ்குவெஹானா நதியிலுள்ள திரீ மைல் ஐலண்டு மின்நிலையத்தின் இரண்டாம் உலையில், மார்ச் 28ஆம் தேதி விடியற்காலை நாலு மணிக்கு, நீரேற்றும் பம்புகள் நின்றன. அழுத்தத்தைத் தணிக்கத் திறந்த வால்வு, மூட வேண்டிய வேளையில் மூடவில்லை. கட்டுப்பாட்டு அறையிலிருந்த விளக்கு, மூடும்படி கட்டளை போயிற்றா என்பதை மட்டுமே காட்டிற்று. வால்வு மெய்யாகவே மூடியதா என்பதைக் காட்டவில்லை. உலையில் நீர் மிகுந்துவிட்டதென்று நம்பிய ஊழியர்கள், அவசரகாலத்தில் தானே பாயத் தொடங்கிய நீரையும் குறைத்துவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வால்வு திறந்தே கிடந்தது. உலையின் கருவில் ஏறக்குறைய பாதி உருகிற்று. கட்டடத்தின் தடித்த கான்கிரீட் கூடு காத்துக்கொண்டது. வெளியே வந்தது சொற்பம். ஆனால் கவனிக்க வேண்டியது இது: ஓஹையோவிலுள்ள டேவிஸ் பெஸ்ஸி நிலையத்தில், 1977 செப்டம்பரிலேயே, அதே கம்பெனி செய்த உலையில், அதே வால்வு அவ்வாறே சிக்கிக்கொண்டது, ஊழியர்கள் அதே பிழையைச் செய்தார்கள், உலை அப்போது குறைந்த சக்தியில் ஓடியதால் தப்பிற்று. கம்பெனியின் பொறியாளர் ஒருவர் 1978 தொடக்கத்தில், இது பெரிய விபத்தாக முடியக்கூடும், எல்லா நிலையங்களுக்கும் எழுத வேண்டும் என்று குறிப்பு எழுதினார். அக்குறிப்பு ஒரு மேஜையிலிருந்து மறு மேஜைக்குப் போய்க்கொண்டேயிருந்தது. நிலையங்களுக்குப் போகவே இல்லை.

சோவியத் நாட்டின் செர்னோபில் அணு மின்நிலையத்தின் கதையோ இதனினும் கொடிது. 1986 ஏப்ரல் 26ஆம் தேதி பின்னிரவு 1 மணி 23 நிமிஷத்துக்கு, நான்காம் உலையில், ஒரு பரிசோதனையின் முடிவில், உலையை நிறுத்துவதற்கென்றே அமைந்த பொத்தானை அழுத்தினார்கள். பரிசோதனைக்காக விதிகளைத் தளர்த்திக் கட்டுப்பாட்டுக் கோல்களில் பெரும்பாலானவற்றை முன்னமே வெளியே இழுத்து வைத்திருந்தார்கள் என்பது மெய். ஆனால் உள்ளே இறங்கிய அந்தக் கட்டுப்பாட்டுக் கோல்களின் முனையில் கிராஃபைட் இருந்தபடியால், முதல் சில விநாடிகள் சக்தியை அடக்குவதற்குப் பதில் அவை ஏற்றின. அணைக்க அழுத்திய பொத்தானே உலையை வெடிக்கச் செய்தது. கோல்களின் இந்தக் குறை 1983இல் லித்துவேனியாவின் இக்னாலினா உலையைத் தொடங்கியபோதே தெரிந்துவிட்டது. மாற்றி அமைக்கப்போவதாக வடிவமைத்தவர்கள் தெரிவித்தார்கள், மாற்றவில்லை, உலையை நடத்தியவர்களின் விதிமுறைகளிலும் அதைச் சேர்க்கவில்லை. 1975இல் லெனின்கிராடு நிலையத்தில் இவ்வகை உலை ஒன்று பட்ட பாடும் அப்படியே மூடிவைக்கப்பட்டது. விபத்துக்குப் பின் அதே வருஷம் வியன்னாவில் சோவியத் நிபுணர்கள் பழியில் பெரும்பகுதியை ஊழியர்கள் மேல் சுமத்தினார்கள். 1992இல் சர்வதேச அணுசக்தி முகமையின் ஆலோசனைக் குழு கணக்கைத் திருத்தி, உலையின் வடிவத்திலும் செய்தியை அடைத்து வைத்த முறையிலும் உள்ள குற்றத்தை எடுத்துக் காட்டிற்று.

என் நெஞ்சை அதிகம் வருத்துவது அடுத்து நடந்தது. நிலையத்தை அடுத்த பிரிப்யாத் நகரின் ஏறக்குறைய 49,000 பேரை வெளியேற்றுவதற்கு ஒன்றரை நாள் கழிந்தது. ஸ்வீடனில் ஃபோர்ஸ்மார்க் நிலையத்துக்குள் நுழைந்த ஊழியரின் பாதரட்சையில் கதிரியக்கம் கண்டு எச்சரிக்கை மணி ஒலித்த பிறகே, 28ஆம் தேதி இரவு மாஸ்கோ சில வரிகளில் விபத்தை ஒப்புக்கொண்டது. இதற்கிடையில் கிராமத்துக் குழந்தைகள் வழக்கம் போலப் பால் குடித்துக்கொண்டிருந்தார்கள். பாலைத் தடுத்தால் தைராய்டைக் காக்கலாம் என்பது 1957இல் கம்பர்லாந்தின் குடியானவர்கள்கூட அறிந்த சங்கதி. அதைச் சொல்லி ஒரு வானொலி அறிவிப்பு உடனே வந்திருந்தால் போதும். வரவில்லை, பிற்காலத்தில் அந்தக் குழந்தைகளுள் 6,000-க்கு மேற்பட்டோருக்குத் தைராய்டுப் புற்றுநோய் கண்டது. பெரும்பாலோர் சிகிச்சையால் பிழைத்தார்கள் என்பது ஆறுதல். அவர்கள் அந்த நோயைக் காணவே வேண்டியதில்லை என்பதல்லவா நியாயம்?

ஜப்பானில் 2011 மார்ச் 11ஆம் தேதி, ஃபுகுஷிமா டாய்ச்சி நிலையத்தின் மேல் சுமார் 15 மீட்டர் உயரத்துக்கு ஏறிய ஆழிப்பேரலை, டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்து மூன்று உலைகளை உருக வைத்தது. இயற்கையின் சீற்றம் என்று முடித்துவிடலாகாது. நிலையத்தை நடத்திய கம்பெனியே 2008இல் செய்த கணக்கில் அலை 15.7 மீட்டர் வரை எழலாமென்று தெரிந்தது. அந்தக் கணக்கு கண்காணிப்பு அதிகாரிகளிடம் போய்ச் சேர்ந்தது 2011 மார்ச் 7ஆம் தேதி, விபத்துக்கு நாலு நாள் முன்பு. அதே கரையில், நில நடுக்கத்தின் மையத்துக்கு இன்னும் அருகில் இருந்தது ஒனகாவா நிலையம். கி.பி. 869இல் வந்த பேரலையின் நினைவை மறவாத ஹிராய் யனோசுகே என்ற அதிகாரி, உலைகளை மேட்டிலே கட்ட வேண்டுமென்று பிடிவாதமாக நின்று, 14.8 மீட்டர் உயரத்தில் தளம் அமையச் செய்தார். அலை ஏறக்குறைய 13 மீட்டர் வந்தது, நிலையம் நின்றது, வீடிழந்த சுற்றுவட்டாரத்து ஜனங்கள் அந்த அணு மின்நிலையத்திலேயே அடைக்கலம் புகுந்தார்கள். காக்ராஃப்டும் ஹிராயும் ஒரே குலத்தைச் சேர்ந்தவர்கள்; தொலைவில் நடந்த சிறு செய்தியைத் தம்முடைய காரியமாக எடுத்துக்கொண்டவர்கள்.

நம் தேசத்துக்கும் இதில் பாடம் உண்டு. 1993 மார்ச் 31ஆம் தேதி விடியுமுன், கங்கைக் கரையிலுள்ள நரோரா நிலையத்தில் டர்பைனின் தகடுகள் இரண்டு முறிந்தன. ஹைட்ரஜன் கசிந்து தீப்பற்றிற்று. மின்கம்பிகள் வெந்து, நிலையம் 17 மணி நேரம் மின்சாரமின்றி இருளில் கிடந்தது. ஊழியர்கள் கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு உலைக் கட்டடத்தின் மேலே ஏறி, போரான் கரைசலைத் திறந்துவிட்டு உலை மீண்டும் உயிர்க்காதபடி செய்தார்கள். தீயணைக்கும் டீசல் பம்புகளால் நீரேற்றிக் குளிர்வித்தார்கள். கதிரியக்கம் வெளியேறவில்லை. அந்த வீரத்தை வணங்குகிற அதே வேளையில் இதையும் சொல்ல வேண்டும்: அவ்வகைத் தகடுகள் முறியக்கூடும் என்ற எச்சரிக்கை முன்பே வந்திருந்தது, 1975இல் அமெரிக்காவின் பிரவுன்ஸ் ஃபெர்ரி நிலையத்தில் ஒரு மெழுகுவர்த்தியால் கம்பிகள் எரிந்த பின், மாற்றுக் கம்பிகளைத் தனித்தனி வழியில் கொண்டுபோக வேண்டும் என்பது உலகமறிந்த பாடமாகியிருந்தது. 2004 டிசம்பர் 26ஆம் தேதி கல்பாக்கத்தின் பம்பு வீட்டில் கடல் புகுந்தபோது, இயங்கிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. கடல் அணு மின்நிலையத்துக்குள் வரும் என்பதை உலகுக்கு அது ஆறு வருஷம் முன்னதாகவே காட்டிற்று. ஃபுகுஷிமா அதைக் கேட்டிருக்கலாம்.

இவ்வளவையும் சொன்ன பிறகு, அணுசக்தியே வேண்டாமென்று நான் முடிக்கப்போவதில்லை. ஒரே அளவு மின்சாரத்துக்குக் கணக்கிட்டால், நிலக்கரியின் புகையும் தூசும் சுரங்கமும் பறிக்கும் உயிர்கள் அணு உலைகள் பறித்தவற்றைக் காட்டிலும் பல நூறு மடங்கு என்று ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். ஃபுகுஷிமாவில்கூட, அவசரமாக ஊரைவிட்டுக் கிளப்பியதன் அலைச்சலில் இறந்த முதியோரும் நோயாளிகளும் கதிர்வீச்சினால் இறந்தவரைவிட மிக அதிகம். மனிதர் பாடம் கற்காமலும் இல்லை. திரீ மைல் ஐலண்டுக்குப் பின் 1979 முடிவதற்குள்ளேயே அமெரிக்க மின்நிலையங்கள் அனுபவத்தைப் பகிர்ந்துகொள்ளத் தமக்கென ஒரு ஸ்தாபனம் கண்டன. செர்னோபிலுக்குப் பின் 1986இலேயே, விபத்தை அண்டை நாடுகளுக்கு உடனே அறிவிக்கும் சர்வதேச உடன்படிக்கை பிறந்தது. 1989இல் உலகத்து நிலையங்களெல்லாம் ஒன்றையொன்று பார்வையிட்டுக் குறை சொல்லும் சங்கம் மாஸ்கோவிலேயே உதயமாயிற்று.

ஆகவே ஓர் அணு உலை பத்திரமானதா என்று கேட்கும் பிரஜை, அதன் சுவர் எத்தனை அடி கனம் என்பதோடு நின்றுவிடலாகாது. சென்ற வருஷம் அங்கே என்னென்ன சிறு கோளாறுகள் நேர்ந்தன, அவற்றை யார் எழுதினார், எழுதியது மற்ற நிலையங்களுக்கு எத்தனை நாளில் போயிற்று, பிற தேசத்துக் கோளாறுகளைப் படித்து இங்கே எதை மாற்றினார்கள், கண்காணிக்கும் அதிகாரி நடத்துகிற அதிகாரிக்குக் கட்டுப்பட்டவரா, சுதந்திரரா என்று கேட்க வேண்டும். இந்தக் கேள்விகளுக்கு ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்லும் நிலையத்தின் அருகில் குடியிருக்க நான் அஞ்சமாட்டேன்; பதில் சொல்ல மறுக்கும் நிலையத்தை, அதன் கான்கிரீட் எவ்வளவு உறுதியானதாயினும், நம்ப மாட்டேன். அந்தப் பதிலைக் கேட்டுப் பெறுவது உலைக்குப் பக்கத்தில் வாழும் ஒவ்வொருவரின் உரிமை. கொடுப்பது உலையை நடத்துகிறவர்களின் முதல் கடமை.